விசுவாசமும் நடக்கையும்: சித்தூர் – திருப்பதி இருமொழிச் சூழலில் கிறித்தவத் தமிழ்ச் சொல்லாட்சி பற்றி ஒரு மதிப்பீடு

சமயநூல் மொழிபெயர்ப்பைப் பற்றித் தமிழில் வெளிவந்துள்ள ஆய்வுகளுள் பெரும்பாலானவை இறைவனைக் குறிக்கும் சொல் எது என்ற வினாவைச் சுற்றியே அமைந்துள்ளன. சர்வேசுரன், பராபரன், தேவன், கடவுள் என்னும் சொற்கள் மாறி மாறி ஆளப்பட்ட வரலாறு சுவையானதுதான். ஆயினும் ஒரு சமயம் மக்களின் அன்றாட வாழ்க்கையுள் எவ்வாறு இறங்குகிறது என்பதை அறிய விரும்புவோர்க்கு இறைவன் பெயரைக் காட்டிலும், நம்புதல், நடத்தல், பணிசெய்தல், உறவாடுதல் ஆகியவற்றைக் குறிக்கும் சொற்களே மிகுதியாகப் பயன்படும். இறைவன் பெயரை வழிபாட்டில் சொல்கிறோம். பின்னவற்றையோ வீட்டிலும் கடையிலும் அலுவலகத்திலும் சொல்கிறோம். இவ்வகைச் சொற்கள் சிலவற்றை, தமிழும் தெலுங்கும் ஒரே குடும்பத்துள் வழங்கும் சித்தூர் – திருப்பதிப் பகுதியை நிலைக்களனாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கின்றது.

இப்பகுதியைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. 1911இல் சித்தூர் மாவட்டம் உருவாகும்வரை சித்தூர் நகரமே வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகராக இருந்தது. 1953இல் ஆந்திர மாநிலம் அமைந்தபோது இம்மாவட்டம் அதன்கண் சேர்ந்தது. 1960இல் எல்லைத் திருத்தத்தின்படி திருத்தணிப் பகுதி சென்னை மாநிலத்திற்கு வந்தது. சித்தூர் ஆந்திரத்திலேயே நின்றது. 2022இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. எல்லைகள் இவ்வாறு மாறினும் பேச்சு எல்லை கோடு கிழித்தாற்போல் பிரியவில்லை. வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு என்ற நிலையில் வளர்ந்தோர் இன்றும் உளர். அவர்களுள் தமிழைப் பேசுவர், எழுத்தை அறியார் என்னும் நிலையினரும் உளர்.

கிறித்தவப் பணியும் இங்கு இருமொழியிலேயே நடந்தது. அமெரிக்க சீர்திருத்தத் திருச்சபையைச் சார்ந்த ஆர்க்காடு மிஷன், ஸ்கடர் குடும்பத்தாரால் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் தொடங்கப்பெற்றது. அதன் தொடக்க நிலையங்களுள் சித்தூரும் ஒன்று. தெற்கே தமிழிலும் மதனப்பள்ளியில் தெலுங்கிலும் அது பணியாற்றியது. மதனப்பள்ளியில் வாழ்ந்த ஜேக்கப் சேம்பர்லின் (1835–1908) தெலுங்கு விவிலியத் திருத்தப் பணியிலும் பங்குகொண்டவர். திருப்பதிப் பக்கம் பணிசெய்தவர்கள் செருமானிய ஹெர்மன்ஸ்பர்க் லுத்தரன் மிஷனார். டாக்டர் இராதாகிருஷ்ணன் இளமையில் திருப்பதியிலுள்ள இம்மிஷன் பள்ளியில் பயின்று, பின்னர் ஆர்க்காடு மிஷனின் வேலூர் ஊரிஸ் கல்லூரியில் சேர்ந்தார் என்பது பலரும் அறிந்த செய்தி. ஆக, ஒரே வட்டாரத்தில் இரு மிஷன்கள், இரு மொழிகள், இரு விவிலியங்கள். இவ்விரு விவிலியங்களின் கலைச்சொற்களும் பெரும்பாலும் வடமொழியிலிருந்து எடுக்கப்பட்டவை. ஒரே வடசொல்லைத் தமிழ் ஒரு பொருளிலும் தெலுங்கு வேறொரு பொருளிலும் வழங்குமாயின் நேர்வது யாது? இதுவே இங்குச் சிக்கல்.

வேற்றுமை உருபு காட்டும் வேறுபாடு

முதற்கண் ‘விசுவாசம்’ என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். கிரேக்க மூலத்திலுள்ள ‘பிஸ்திஸ்’ என்ற சொல்லுக்குச் சீர்திருத்தச் சபையார் தமிழில் நிலைபெறச் செய்த சொல் இது. 1871இல் ஹென்றி பவர் தலைமையில் வெளிவந்த ஐக்கிய மொழிபெயர்ப்பு இதனை உறுதிப்படுத்தியது. 1995இல் கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் இணைந்து வெளியிட்ட திருவிவிலியம் இதனைக் கைவிட்டு ‘நம்பிக்கை’ என்று ஆண்டது. தூய தமிழ்ச்சொல் வந்தது என்று மகிழ்ந்தோரும், பழகிய சொல் போயிற்றே என்று வருந்தியோரும் உண்டு. இரு சாராரும் சொல்லின் பிறப்பைப் பார்த்தனரேயன்றி, அது தொடரில் எவ்வாறு இயங்குகிறது என்பதைப் பார்த்தாரில்லை எனத் தோன்றுகின்றது.

பொதுத்தமிழில் ‘விசுவாசம்’ நான்காம் வேற்றுமையோடு வரும். முதலாளிக்கு விசுவாசமாக உழைத்தான், கட்சிக்கு விசுவாசமானவர், உண்ட வீட்டுக்கு விசுவாசம் வேண்டும். செய்தித்தாள்களில் ‘தலைமையின் விசுவாசி’ என்று எழுதுகின்றனர். நாய்க்கு விசுவாசம் உண்டு என்பது உலக வழக்கு. இங்கெல்லாம் பொருள் உள்ளத்தில் ஒன்றை மெய்யென ஏற்றல் அன்று. நன்றி மாறாது நிற்றல், ஒருவர்க்கு உரியவனாய் நடத்தல் என்பதே. இச்சொல் ‘காட்டு’, ‘இரு’ என்னும் வினைகளை ஏற்கும்: விசுவாசம் காட்டினான், விசுவாசமாய் இருந்தான்.

‘நம்பிக்கை’ அவ்வாறன்று. அவர்மேல் நம்பிக்கை, அவரிடம் நம்பிக்கை என ஏழாம் வேற்றுமைப் பொருளில் வரும். ‘வை’ என்னும் வினையை ஏற்கும். நம்பிக்கை வைப்பவன் தன் உள்ளத்திலிருந்து எடுத்துப் பிறன்பால் வைக்கிறான். விசுவாசம் காட்டுபவனோ தன் செயலால் பிறர் கண்ணுக்குப் புலப்படுத்துகிறான். ‘அவருக்கு நம்பிக்கையாக இருந்தான்’ என்றால் பொருளே வேறு: அவர் நம்புதற்குரியவனாக இருந்தான் என்றாகும்.

திருச்சபைத் தமிழ் ‘விசுவாசம்’ என்ற சொல்லை எடுத்துக்கொண்டது. அதன் வேற்றுமையை எடுத்துக்கொள்ளவில்லை. ஐக்கிய மொழிபெயர்ப்பில் இச்சொல் இரண்டாம் வேற்றுமையோடும் (இயேசுவை விசுவாசித்தல்), ‘இடத்தில்’ என்னும் ஏழனுருபோடும் பயில்கின்றது. நான்காம் வேற்றுமை ஏறத்தாழ இல்லை எனலாம். ‘விசுவாசிக்கிறேன்’ என்ற வினை, திருச்சபைக்கு வெளியே வழக்கில் இல்லாத ஒன்று. விளைவு என்ன? வீதியில் ‘விசுவாசம்’ என்றால் நடத்தை. ஆலயத்தில் ‘விசுவாசம்’ என்றால் கருத்தேற்பு. ஒரே வாய் இரண்டையும் சொல்கிறது. இரண்டும் ஒரே சொல் என்பது சொல்பவர்க்கே தோன்றாத அளவிற்கு வேற்றுமை உருபு அவற்றைப் பிரித்து வைத்துள்ளது.

கிரேக்கத்தில் இப்பிளவு இவ்வளவு பெரிதன்று. ‘பிஸ்திஸ்’ நம்புதலையும் குறிக்கும், நம்பத்தக்கவனாய் நிற்றலையும் குறிக்கும். அதன் அடியாகப் பிறந்த ‘பிஸ்தோஸ்’ என்னும் பெயரடை பெரும்பாலும் பின்னதையே குறிக்கும். பவுல் ஆளும் ‘கிறிஸ்துவின் பிஸ்திஸ்’ என்ற ஆறாம் வேற்றுமைத் தொடர், கிறிஸ்துவின்மீது வைக்கும் விசுவாசமா, கிறிஸ்து காட்டிய விசுவாசமா என்று 1983இல் ரிச்சர்ட் ஹேஸ் எழுதிய நூலுக்குப் பின் அறிஞரிடையே பெரும் விவாதம் நிகழ்ந்துள்ளது. ஐக்கிய மொழிபெயர்ப்பார் இவ்விடத்தில் ‘பற்றும் விசுவாசம்’ என்று ஒரு வினையை இடையே பெய்தனர். ஐயத்தை ஒரு பக்கமாகத் தீர்த்துவிட்டனர் என்று இதனைக் குறைகூறலாம். ஆயின் ‘பற்று’ என்ற வினை தமிழில் கையாற் பிடித்தலையும் உள்ளத்தால் ஒட்டுதலையும் ஒருங்கே உணர்த்துவது. கருத்தேற்பு என்பதைவிட இது எவ்வளவோ உயிருள்ளது. மொழிபெயர்ப்பாளர் தம் கொள்கையை மறந்து மொழியின் போக்கில் சென்ற இடங்களில் நல்ல தமிழ் வந்துவிடுகிறது.

உவமைக் கதையில் நல்ல பணியாளனைக் குறிக்க மூலம் ‘பிஸ்தோஸ்’ என்கிறது. ஐக்கிய மொழிபெயர்ப்பு அங்கு ‘உண்மையுள்ள’ என்று பெயர்த்தது. ஆகவே தமிழ் வாசகனுக்கு விசுவாசம் வேறு, உண்மை வேறு. 1995ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பு ‘நம்பிக்கைக்குரிய’ என்றது. நம்பிக்கை – நம்பிக்கைக்குரிய என்று வேர் ஒற்றுமை காக்கப்பட்டது. இது பெரும் ஆக்கம். இழந்ததோ, நான்காம் வேற்றுமை தரும் ‘ஒருவர்க்கு உரியவனாய் நிற்றல்’ என்னும் பொருள். தமிழ் உலக வழக்கிலேயே கைக்கெட்டிய தூரத்தில் கிடந்த அப்பொருளை முன்னவர் எடுத்தும் பயன்கொள்ளவில்லை, பின்னவர் எடுக்கவேயில்லை.

தெலுங்கு இவ்விடத்தில் எவ்வாறு நிற்கிறது? தெலுங்கு விவிலியமும் ‘விஸ்வாசமு’ என்றே ஆளுகிறது. தெலுங்கு உலக வழக்கிலும் நாய்க்கு விஸ்வாசம் உண்டு. ஆனால் விவிலியத் தெலுங்கில் இச்சொல் ‘-அந்து’ என்னும் ஏழனுருபோடும் ‘உஞ்சு’ (வை) என்னும் வினையோடும் வருகின்றது. அதாவது தெலுங்கில் விசுவாசத்தை ‘வைக்கின்றனர்’. தமிழ் ‘நம்பிக்கை வை’ என்பதன் அச்சு அப்படியே. சித்தூர்ப் பக்கத் தமிழ்ச் சபைகளில் ‘விசுவாசம் வையுங்கள்’ என்ற தொடர் இயல்பாக ஒலிக்கக் காரணம் இதுவாகலாம். தமிழகத்திலும் அத்தொடர் உண்டாகையால் தெலுங்கின் தாக்கம் என்று அறுதியிட்டுக் கூறுதல் பொருந்தாது; எனினும் இருமொழியாளர்க்கு அது இருமடங்கு எளிதாகிறது என்பதில் ஐயமில்லை.

எதிர்நோக்கும் நிரீட்சணமும்

நம்பிக்கை என்ற சொல்லை 1995ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பு ‘பிஸ்திஸ்’ என்பதற்குக் கொடுத்துவிட்டமையால், அதுவரை நம்பிக்கை என்று பெயர்க்கப்பட்ட ‘எல்பிஸ்’ இடமிழந்தது. அதற்கு ‘எதிர்நோக்கு’ என்று புதுச்சொல் ஆக்கினர். புதுச்சொல் என்பதாலேயே பலர் இதனை ஏற்கத் தயங்கினர். ஆனால் தெலுங்கு விவிலியத்தைப் படித்தவர்க்கு இச்சொல் அயலானதன்று. தெலுங்கில் அவ்விடத்திற்கு வழங்குவது ‘நிரீக்ஷண’. எதிர்பார்த்திருத்தல் என்பதே பொருள். கொரிந்தியர்க்கு எழுதிய முதல் மடலில் வரும் புகழ்பெற்ற மும்மையில், ஐக்கிய மொழிபெயர்ப்பின் நடுச்சொல் நம்பிக்கை. தெலுங்கின் நடுச்சொல் நிரீக்ஷண. திருவிவிலியத்தின் நடுச்சொல் எதிர்நோக்கு. பழைய தமிழ் மொழிபெயர்ப்பினும் புதிய தமிழ் மொழிபெயர்ப்பே தெலுங்குக்கு அணுக்கமாகிவிட்டது. திட்டமிட்டு நேர்ந்ததாகத் தெரியவில்லை. மும்மையின் இறுதிச் சொல்லிலோ நிலைமை நேர்மாறு: தெலுங்கு ‘ப்ரேம’ என்கிறது, தமிழ் ‘அன்பு’ என்கிறது. ‘பிரேமை’ என்று தமிழ் ஆலயத்தில் சொன்னால் கேட்போர் வேறு நினைப்பர்.

ஒலி ஒன்று, பொருள் இரண்டு

இவ்வகைச் சொற்கள் சித்தூர்ப் பகுதியில் சொற்பொழிவுகளை உடனுக்குடன் மொழிபெயர்ப்போர்க்கு நாள்தோறும் இடர் தருவன. சிலவற்றைச் சற்று விரித்துரைத்தல் தகும்.

‘சமாதானம்’ தமிழில் அமைதி, இணக்கம். தெலுங்கு விவிலியத்திலும் ‘சமாதானமு’ அதே பொருளில்தான் வருகின்றது. ஆனால் இன்றைய தெலுங்குப் பொதுவழக்கில் சமாதானம் என்பது விடை. வினாவுக்கு எழுதும் விடையைப் பள்ளி மாணவன் அச்சொல்லால் குறிப்பான். அமைதிக்கு அவன் அறிந்த சொல் ‘சாந்தி’. எனவே சமாதானத்தைத் தருகிறேன் என்ற வாக்குறுதி தெலுங்குச் சிறுவன் காதில் விடை தருகிறேன் என்று விழக்கூடும். இப்பொருள் தமிழுக்கு முற்றிலும் அயலும் அன்று: ‘சமாதானம் சொல்லித் தப்பிக்கப் பார்க்கிறான்’ என்னும்போது நாமும் மறுமொழியையே குறிக்கிறோம். வடசொல்லின் பழம்பொருள் ஒரு மூலையில் தமிழிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

‘சகவாசம்’ இதனினும் கடுமையானது. தெலுங்குத் திருச்சபையில் ‘சஹவாசமு’ உயர்ந்த சொல். இறைவனோடும் ஒருவரோடொருவரும் கொள்ளும் தோழமை. ஐக்கிய மொழிபெயர்ப்பு இவ்விடத்தில் ‘ஐக்கியம்’ என்று ஆளும். தமிழ்ப் பேச்சில் சகவாசம் என்றால் பெரும்பாலும் கூடாத சகவாசமே. ‘அவன் சகவாசமே வேண்டாம்’ என்று தாய் மகனிடம் சொல்கிறாள். தெலுங்குச் சொற்பொழிவாளர் ‘சஹவாசம்’ என்றதைத் தமிழாக்குபவர் அவ்வொலியிலேயே நின்றுவிட்டால், பரிசுத்தவான்களின் உறவு பழிப்புக்குரியதாய் விடும்.

‘ஆத்துமா’ என்ற சொல்லில் நிகழ்வது திரிபன்று, இடமாற்றம். தமிழ்ச் சபையில் ஆவி வேறு, ஆத்துமா வேறு. தெலுங்கில் ‘ஆத்ம’ என்பதே ஆவி. பரிசுத்த ஆவியைப் ‘பரிசுத்தாத்ம’ என்பர். தமிழ் ஆத்துமாவுக்கு நேரான இடத்தில், சிறப்பாகச் சங்கீதங்களில், தெலுங்கு ‘ப்ராணமு’ என்று வழங்குகிறது. தமிழனுக்குப் பிராணன் என்பது மூச்சு, உயிர். இரு மொழியையும் ஓரளவே அறிந்தவர் மனிதனின் உட்கூறுகளைப் பற்றிய ஒரு சொற்பொழிவைப் பெயர்க்கப் புகுந்தால் மூன்று சொற்களும் ஒன்றோடொன்று மோதும். ‘ஆவி’ என்றால் வீட்டுப் பேச்சில் பேய் என்றும், சமையலறையில் நீராவி என்றும் பொருள்படுவது தமிழின் தனிச் சங்கடம்.

மனமாற்றத்தைக் குறிக்கும் சொற்கள் இரு மொழியிலும் நன்கு அமைந்துள்ளன. தமிழ் ‘மனந்திரும்புதல்’, தெலுங்கு ‘மாருமனஸ்ஸு’. தமிழ் திரும்புதலைச் சொல்கிறது, தெலுங்கு மாறுதலைச் சொல்கிறது. எபிரேயத்தில் இவ்விடத்துச் சொல் திரும்பி வருதலை உணர்த்துவது. கிரேக்கச் சொல் மனம் மாறுதலை உணர்த்துவது. தமிழ் எபிரேயத்தின் பக்கமும் தெலுங்கு கிரேக்கத்தின் பக்கமும் நிற்கின்றன எனலாம்; இதற்குமேல் இதனை நீட்டுதல் வேண்டா.

கிரியையும் ஊழியமும்

நம்பியதை வாழ்ந்து காட்டுதல் பற்றி விரிவாகப் பேசும் யாக்கோபின் மடல் ‘எர்கா’ என்ற கிரேக்கச் சொல்லை மையமாகக் கொண்டது. ஐக்கிய மொழிபெயர்ப்பு அதனைக் ‘கிரியைகள்’ என்றது. தெலுங்கும் ‘க்ரியலு’ என்றது. தெலுங்கில் க்ரிய என்பது செயல், அவ்வளவே. தமிழில் கிரியை என்றால் சைவர்க்குச் சரியை, கிரியை, யோகம், ஞானம் என்னும் நான்கனுள் ஒன்று, பூசை முறை; ஈழத் தமிழர்க்கு ஈமச் சடங்கு. ஏழைக்கு உணவளித்தலைப் பற்றி யாக்கோபு பேச, கேட்பவன் சடங்கைப் பற்றிப் பேசுகிறார் என எண்ணுதற்கு இடமுண்டு. பவுல் ‘நியாயப்பிரமாணத்தின் கிரியைகள்’ என்னும் இடத்தில் சடங்குப் பொருள் ஓரளவு பொருந்தும், யாக்கோபிடம் பொருந்தாது. ஒரே சொல்லை இரு இடத்தும் ஒரே சீராகப் பெயர்த்தல் நேர்மை என்பது மொழிபெயர்ப்புக் கொள்கைகளுள் ஒன்று. அந்நேர்மை இங்குப் பொருளைக் காட்டிக்கொடுத்துவிட்டது. 1995ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பு ‘செயல்’ என்று எளிதாகச் சொல்லிவிட்டது. இவ்விடத்தில் அதன் வெற்றி ஐயத்திற்கு இடமற்றது.

‘ஊழியம்’ என்ற சொல்லின் கதை வேறு. இதில் குறை மொழிபெயர்ப்பாளரிடம் இல்லை, வழக்கில் உள்ளது. பொதுத்தமிழில் ஊழியர் என்பவர் எந்தப் பணியையும் செய்பவர்: அரசு ஊழியர், வங்கி ஊழியர், மின்வாரிய ஊழியர். திருச்சபைத் தமிழில் ஊழியம் என்பது சொற்பொழிவாற்றுதல், செபக்கூட்டம் நடத்துதல் என்று சுருங்கிற்று. வாரத்தில் ஆறு நாள் ‘அரசு ஊழியராக’ இருப்பவர், ‘எனக்கு ஊழியம் செய்ய நேரமில்லை’ என்று வருந்துகிறார். தம் மேசையின் முன் காத்திருக்கும் முதியவர்க்கு ஓய்வூதியத் தாளை உரிய காலத்தில் முடித்துக் கொடுத்தல் ஊழியம் என்று அவர்க்குத் தோன்றுவதில்லை. அவரது மொழி அதனைத் தோன்றவிடுவதில்லை. தெலுங்கில் ‘பரிசர்ய’ என்பது திருச்சபைக்கே உரிய சொல்லாகையால் இம்முரண் அங்கே இல்லை. பிளவு தொடக்கத்திலேயே ஏற்கப்பட்டுவிட்டது. தமிழிலோ ஒன்றாக இருந்த சொல்லை நாமே இரண்டாக்கினோம்.

‘நடக்கை’ என்ற சொல்லை இதற்கு மாற்றாகக் காட்டத் தோன்றுகிறது. எபிரேயர் வாழ்தலை நடத்தல் என்றே வழங்கினர். புதிய ஏற்பாட்டுக் கிரேக்கமும் அவ்வழக்கைப் பின்பற்றியது. ஆங்கில மொழிபெயர்ப்பாளர்க்கு இது விளக்கம் வேண்டிய உருவகம். தமிழர்க்கோ நடை, நடத்தை, நடக்கை, நடைமுறை, நடந்துகொள்ளுதல் எல்லாம் இயல்பான சொற்கள். ஒழுக்கம் என்பதும் ஒழுகுதல் என்ற இயக்கத்தினின்றே பிறந்தது. தெலுங்கிலும் நடத, நடவடி உண்டு. எனினும் பேதுருவின் முதல் மடலில் தமிழ் ‘நடக்கை’ என்ற இடத்தில் தெலுங்கு ‘ப்ரவர்தன’ என்று வடமொழியை நாடியது. தமிழ் மொழிபெயர்ப்பார் கருத்துப் பொருளுக்கு வடசொல்லையும் வாழ்வுப் பொருளுக்குத் தமிழ்ச்சொல்லையும் கொண்டமை பல இடங்களிலும் காணப்படுகிறது. இதனால்தான் ஐக்கிய மொழிபெயர்ப்பின் மடல்களில் கொள்கைப் பகுதியைவிட அறவுரைப் பகுதி படிப்பதற்கு இனிமையாக உள்ளது.

அண்மைக் கால இறையியல் உரைநடையில் ‘விசுவாசத்தை வாழ்வாக்குதல்’ என்று ஒரு தொடர் பெருகி வருகிறது. ஆங்கிலத் தொடரை நிழல்போல் தொடர்ந்து வந்தது இது. தமிழில் இதற்கு ‘வாழ்ந்து காட்டுதல்’ என்னும் கூட்டுவினை முன்பே உள்ளது. ‘காட்டு’ என்னும் துணைவினை, செயலைப் பிறர் காண நிகழ்த்துதலைக் குறிக்கும். மேலே கண்ட ‘விசுவாசம் காட்டு’ என்பதிலும் அதே வினைதான். ‘விசுவாச வாழ்க்கை’ என்ற தொகையும் இவ்வாறே ஆராயத்தக்கது. விசுவாசத்தால் வாழும் வாழ்க்கையா, விசுவாசத்தோடு கூடிய வாழ்க்கையா, விசுவாசமாகிய வாழ்க்கையா? தொகை விரியாதவரை யாரும் எதனையும் கொள்ளலாம். சொற்பொழிவாளர்க்கு வசதி, மொழிபெயர்ப்பாளர்க்குத் துன்பம்.

திருமலையின் நிழலில்

இச்சொற்கள் வெற்றிடத்தில் வழங்கவில்லை. திருமலையில் ஆழ்வார் பாசுரங்கள் தமிழில் ஓதப்படுகின்றன. தாள்ளப்பாக்கம் அன்னமாச்சாரியார் 15ஆம் நூற்றாண்டில் தெலுங்கில் பாடிய கீர்த்தனைகள் அங்கேயே பிறந்து இன்றும் பாடப்படுகின்றன. கிருபை, இரட்சிப்பு, தாசன், சரணம், பக்தி, மகிமை எனத் திருச்சபை தனக்கென்று கொண்ட சொற்கள் இவ்வட்டாரத்தில் வைணவர் நாவில் முன்னமே பழகியவை. நெல்லைச் சீமையில் வைணவராய்ப் பிறந்து கிறித்தவரான எச். ஏ. கிருஷ்ண பிள்ளை (1827–1900) தம் இரட்சணிய யாத்திரிகத்தில் அச்சொற்களை அறிந்தே ஆண்டார். தெலுங்கில் புருஷோத்தம சௌதரி (1803–1890) கீர்த்தனை வடிவத்தையே கிறித்தவப் பாடலுக்கு உரியதாக்கினார். பொதுச்சொல் இருப்பது அண்டை வீட்டாரோடு பேசுதற்கு உதவும். தனிச்சொல் இருப்பது தம்முள் பேசுதற்கு உதவும். திருப்பதிச் சந்தையில் பூ விற்கும் கிறித்தவப் பெண் ‘சாமி கிருபை’ என்ற வாழ்த்தைக் கேட்கும்போது அச்சொல் இருவர்க்கும் உரியதாகவே இருக்கிறது. அதனை மாற்றி ‘அருள்’ என்றாக்கினாலும் நிலைமை அதுவே. அருள் சைவர்க்கும் வைணவர்க்கும் அதனினும் பழைய உறவு.

இறுதியாக முன்னிலைப் பெயர் ஒன்று. தமிழ்க் கிறித்தவர் இறைவனை ‘நீர்’ என்று விளிப்பர். வினையும் ‘செய்தீர்’, ‘தந்தீர்’ என முடியும். ‘நீ’ என்பதற்கும் ‘நீங்கள்’ என்பதற்கும் இடைப்பட்ட இவ்வடிவம் வடமாவட்டப் பேச்சில் ஏறக்குறைய மறைந்துவிட்டது. சித்தூர்த் தமிழ் வீடுகளில் தந்தையை நீங்கள் என்பர், தம்பியை நீ என்பர். நீர் என்று யாரையும் அழைப்பதில்லை, செபத்தில் தவிர. தெலுங்கு விவிலியம் இறைவனை ‘நீவு’ என்று ஒருமையில் விளிக்கிறது. படர்க்கையில் மட்டும் ‘ஆயன’ என்று மதிப்புத் தருகிறது. ஆழ்வார்களும் அன்னமாச்சாரியாரும் ‘நீ’ என்றே அழைத்தனர். ஆக, காலையில் பாட்டியோடு தமிழிலும் மாலையில் பள்ளித் தோழரோடு தெலுங்கிலும் செபிக்கும் ஒரு குழந்தை, ஒரே இறைவனை ஒருமுறை தூரத்திலும் ஒருமுறை அருகிலும் நிறுத்துகிறது. ‘நீர்’ என்பதை ‘நீங்கள்’ என்று புதுக்க முனைவோர் உளர். அலுவலக மேலாளரை விளிப்பதுபோல் ஆகிவிடும் என்று முதியோர் மறுக்கின்றனர். அம்மறுப்பில் இலக்கண உணர்வு உள்ளது. ‘நீ’ என்று மாற்றுதற்கோ பக்தி இலக்கியத்தின் சான்று முழுவதும் துணைநிற்கிறது. ஆயினும் திருச்சபைச் செவி அதனை இன்னும் ஏற்கவில்லை. சித்தூரில் இருமொழி வழிபாட்டு நூல் ஒன்றைத் தொகுக்க முற்படுவோர் முதற் பக்கத்திலேயே இத்தெரிவைச் செய்தாக வேண்டியிருக்கும்.